வாக்கிங் கூட்டிட்டுப் போறதும் ஒரு ‘வாக்கு’தான் பாஸ்!



பாக்கெட் மணிக்கு வழி தேடுற நம்ம கூட்டத்துல இப்போ ஒரு ஐடியா சுத்திட்டு இருக்கு. டியூஷன் எடுக்கிறது போர், கேட்டரிங் வேலைக்குப் போனா கால் வலி, ஃபுட் டெலிவரின்னா ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டுல திட்டு... ‘அப்போ நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போற பிசினஸ் ஆரம்பிச்சா என்ன மச்சி?’ கேன்டீன்ல டீ ஆறுறதுக்குள்ள கம்பெனிக்குப் பேர் வெச்சாச்சு, லோகோ வரைஞ்சாச்சு, இன்ஸ்டாகிராம்ல பேஜ் ஓப்பன் பண்ணியாச்சு. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி... நாய்!

கிண்டல் இல்லைங்க, நிஜமாவே நல்ல ஐடியாதான். முதலீடு கம்மி. காலேஜ் நேரம் போக மீதி நேரத்துல செய்யலாம். சென்னையில அண்ணா நகர், அடையாறு, வேளச்சேரி, ஓ.எம்.ஆர். பக்கம் அபார்ட்மென்ட்ல நாய் வளர்க்கிற குடும்பங்களுக்குப் பஞ்சமே இல்லை. கஸ்டமர்ஸ்ல முக்கியமா ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, காலையில லாகின் பண்ணி ராத்திரி லாக் அவுட் பண்ற ஐ.டி. தம்பதி. இன்னொண்ணு, பையன் ஆசையா வாங்கின லேப்ரடாரை அவன் ஃபாரின் போனதும் வளர்க்கிற தாத்தா, பாட்டி. நாய்க்கு அஞ்சு வயசு, தாத்தாவுக்கு எழுபத்தஞ்சு. அது ஓடணும்னு துடிக்கும், இவர் மூட்டு வலியில லிஃப்ட் வரைக்கும் போறதே பெரிய விஷயம்.

இந்த ரெண்டு வீட்டுக்கும் நீங்க விக்கப்போறது நடை கிடையாது. ‘தினமும் காலையில ஆறு மணிக்கு வந்துடுவேன்’ங்கிற வாக்கு. அதைக் காப்பாத்த முடியுமாங்கிறதுலதான் மொத்த பிசினஸும் நிக்குது. அதனால விசிட்டிங் கார்டு அடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் உட்கார்ந்து யோசிப்போமா?

கணக்குப் பாடம் முதல்ல!

அரை மணி நேர வாக்குக்கு 150 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். ‘பத்து நாய் பிடிச்சா ஒரு நாளைக்கு 1,500... மாசம் 45,000!’னு மனசு உடனே கால்குலேட்டரைத் தட்டும். தட்டாதீங்க. நேரத்தைக் கணக்குப் பண்ணுங்க. நடக்கிறது 30 நிமிஷம். பெல் அடிச்சு, பெல்ட் மாட்டி, திரும்பி வந்து காலைத் துடைச்சு, தண்ணி வெச்சு, ஆன்ட்டிகிட்ட ‘இன்னிக்கு நல்லாப் போச்சு ஆன்ட்டி’னு ரிப்போர்ட் கொடுக்க 10 நிமிஷம். அடுத்த வீட்டுக்குப் போக 10 நிமிஷம். ஆக ஒரு நாய்க்கு 50 நிமிஷம். காலையில அஞ்சரை மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் 150 நிமிஷம். அதாவது... மூணே மூணு நாய்!

மூணு நாய், மாசம் 26 நாள்னா 11,700 ரூபாய். பெட்ரோலுக்கு 700, கழிவு அள்ளுற கவர், டவல், துடைக்கிற ஐட்டங்களுக்கு 300 கழிச்சுக்குங்க. மழை, அவங்க ஊருக்குப் போறது, நாய்க்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு நாய்க்கு நாலு நாள் போகும். அதுல 1,800 காலி. மிச்சம் 8,900. ஸ்டூடன்ட்டுக்கு நல்ல காசுதான், ஆனா அதுக்கு மேல வளர வழியில்லை. ஜெராக்ஸ் கடைன்னா கூட்டம் வந்தா இன்னொரு மெஷின் வாங்கலாம். இங்க நாலாவது கஸ்டமர் வந்தா நமக்கு இன்னொரு காலையா விடியப்போகுது?

‘ஹாலிவுட் படத்துல ஒருத்தரே ஏழெட்டு நாயைப் பிடிச்சுட்டுப் போறாரே?’ன்னு கேட்பீங்க. அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துல காசு வாங்கிட்டு நாலு நாயோ அதுக்கு மேலயோ கூட்டிட்டுப் போகவே பெர்மிட் வேணும், எட்டுக்கு மேல அனுமதியே கிடையாது. அங்கயே அப்படி. நம்ம ஊர்ல பிளாட்பாரத்துல பைக் ஓடும், தெருவுக்கு அஞ்சு தெரு நாய் காவல் இருக்கும். இங்க ஒரு கைக்கு ஒரு நாய்தான். அதுக்கு மேல ஆசைப்பட வேணாம்.

நாய்க்கு ஏது செமஸ்டர்?

உங்க காலேஜ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்னா காலேஜ் பஸ் ஆறேகாலுக்கே ஸ்டாப்புக்கு வந்துடும். அப்போ காலை ஷிஃப்ட் அவுட். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி ஆறாகி, முகமெல்லாம் எண்ணெய் வழியும். அந்த நேரத்துல வால் ஆட்டிட்டு வர்ற நாயைப் பார்த்து சிரிக்கத் தெம்பு இருக்குமான்னு இப்பவே யோசிச்சுக்குங்க.

ஹாஸ்டல்னா கேட் திறக்கிற நேரத்தைப் பாருங்க. இன்டர்னல், மாடல், பிராக்டிக்கல், ஐ.வி., சிம்போசியம், பிளேஸ்மென்ட்... எல்லாம் வரிசையா வரும். போதாக்குறைக்கு நவம்பர், டிசம்பர்ல செமஸ்டர் எக்ஸாம் வர்ற நேரமும் வடகிழக்குப் பருவமழை கொட்டுற நேரமும் ஒண்ணு. எக்ஸாமுக்கு லீவு போட்டா கஸ்டமர் போயிடுவாங்க. வாக்கிங்குக்குப் போனா பேப்பர் போயிடும், அரியர் வந்துடும்.

‘ஒரு நாள் போகலைன்னா என்ன?’ இங்கதான் ரொம்ப பேர் சறுக்கிடுறாங்க. வெளியே போய்ப் பழகின அபார்ட்மென்ட் நாய் வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போகாது. அடக்கிட்டுக் கதவையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கும். ஆறு, ஏழு, எட்டு மணி ஆகும். பார்க்கப் பொறுக்காம பாட்டியே செயினைப் பிடிச்சுட்டு இறங்குவாங்க. கீழே ஒரு பூனை குறுக்கே ஓடினா போதும். அந்த வயசுல கீழே விழுந்தா இடுப்பு எலும்புதான் போகும். நாம ‘ஸாரி ஆன்ட்டி, தூங்கிட்டேன்’னு ஒரு மெசேஜ் தட்டிட்டு மறந்துடுவோம். அவங்க ஆறு மாசம் கட்டில்ல.

இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. தனியா ஆரம்பிக்காதீங்க. வேற டிபார்ட்மென்ட்லயோ வேற காலேஜ்லயோ ஒரு பார்ட்னர் பிடிங்க. எக்ஸாம் தேதி ரெண்டு பேருக்கும் ஒண்ணா வராம இருந்தா பெஸ்ட். முதல் வாரத்துலேர்ந்தே ஒவ்வொரு நாயையும் ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கூட்டிட்டுப் போகணும். அப்போதான் ஒருத்தர் வராத அன்னிக்கு இன்னொருத்தர் கதவைத் திறந்தா நாய் ‘யார்றா நீ?’ன்னு உறுமாது. காசு பாதியாகும், ஆனா வாக்கு நிக்கும்.

30 கிலோ ஃபிசிக்ஸ்!

நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு ஒரு சின்ன சம். 30 கிலோ லேப்ரடார், பூனையைப் பார்த்து விநாடிக்கு 5 மீட்டர் வேகத்துல பாயுது. கையில இருக்கிற செயின் 0.2 விநாடியில அதை நிறுத்துது. உங்க மணிக்கட்டுல விழுற இழுப்பு சராசரியா 750 நியூட்டன். கிட்டத்தட்ட 76 கிலோ எடையைக் கையில தொங்கவிட்ட மாதிரி. நம்ம ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டுல வளர்ந்த உடம்பு தாங்குமா?

அதனால உங்க எடையைப் பார்த்து நாயைத் தேர்ந்தெடுங்க. செயினைக் கையில சுத்திச் சுத்திக் கட்டிக்காதீங்க. இழுத்துட்டுப் போனா விரல் போயிடும். கழுத்து பெல்ட்டுக்குள்ள ரெண்டு விரல் நுழையணும். அதுக்கு மேல லூசா இருந்தா நாய் பின்னாடி நடந்து தலையை உருவிட்டு ஓடிடும். இழுக்குற நாய்க்குக் கழுத்து பெல்ட்டைவிட மார்பைச் சுத்தி மாட்டுற ஹார்னஸ் நல்லது. போனை வைப்ரேஷன்ல போட்டுப் பாக்கெட்டுக்குள்ள வெச்சுடுங்க. ஒரு கையில ரீல்ஸ், ஒரு கையில ராட்வைலர்... வேணவே வேணாம்!

எந்த ஜாதி நாய்னு தெரிஞ்சுக்கறதும் முக்கியம். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால பார்த்து விரட்டி வேட்டையாடுறதுக்கு வளர்க்கப்பட்ட நாய்கள். முயல் மாதிரி ஏதாவது ஓடினா அதுக்கு உங்க ஞாபகமே இருக்காது. ராஜபாளையம் காவல் நாய், புது ஆளை லேசுல நம்பாது. பக், ஷிட்சூ மாதிரி சப்பை மூக்கு நாய்ங்களுக்கு வெயில்ல மூச்சே விட முடியாது. எல்லாத்துக்கும் ஒரே ரூட், ஒரே வேகம்னு போட முடியாது.

செயின் யார் கையில?

இது சீரியஸ் மேட்டர். 2024 மே மாசம் சென்னை ஆயிரம் விளக்குல ஒரு மாநகராட்சி பார்க்ல ரெண்டு ராட்வைலர் நாய்கள் 5 வயசுச் சிறுமியைக் கடிச்சுக் குதறின சம்பவம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாயோட உரிமையாளரைப் போலீஸ் கைது பண்ணுச்சு.

‘நாய் நம்மளுது இல்லையே’ன்னு நினைக்காதீங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 291-வது பிரிவு இருக்கு. தன் வசம் இருக்கிற பிராணியால மனுஷங்களுக்கு ஆபத்து வராம பார்த்துக்கத் தவறினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டும் சேர்த்து. கவனிங்க... ‘தன் வசம்’. காலையில ஆறிலிருந்து ஆறரை வரைக்கும் அந்த நாய் யார் வசம்? உங்க வசம்தானே!

சென்னை மாநகராட்சியில வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம். அதுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கணும், 2025ல மைக்ரோசிப்பும் சேர்ந்தாச்சு. லைசென்ஸைப் பார்க்காம நாயைத் தொடாதீங்க. ‘அதெல்லாம் கடிக்காதுப்பா’ங்கிறது சான்றிதழ் கிடையாது!

ஏரியா தாதாக்கள்!

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கேங் இருக்கும். தெரு முனை டீக்கடை வரைக்கும் பிரவுனோட ஆட்சி, அதைத் தாண்டினா கறுப்பனோட ஆட்சி. நம்ம நாய் ஷாம்பூ வாசனையோட அதுக்குள்ள நுழைஞ்சா சும்மா விடுமா?

முதல்ல நாய் இல்லாம நீங்க மட்டும் அந்த ரூட்ல ரெண்டு நாள் நடங்க. எந்தத் தெருவுல எத்தனை, குட்டி போட்ட தாய் எங்கே படுத்திருக்குன்னு பார்த்து வெச்சுக்குங்க. குட்டியோட இருக்கிற தாய் இருந்தா அந்தத் தெருவையே மறந்துடுங்க. துரத்திட்டு வந்தா ஓடாதீங்க. ஓடினா அதுங்களுக்கு விளையாட்டு ஆரம்பம். நின்னு, நம்ம நாயை உடம்புக்குப் பின்னாடி கொண்டு வந்து, மெதுவா வந்த வழியே பின்வாங்குங்க. கல்லை எடுத்து அடிக்கிற வேலை வேணாம். நாளைக்கும் அதே தெருவுல நீங்கதான் நடக்கணும்.

வெயில், மழை, வெடி!

நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தும். மே மாசம் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தார் ரோடு 60ஐக்கூடத் தாண்டும். நமக்கு செருப்பு இருக்கு, அதுக்கு? புறங்கையை ரோட்டுல வெச்சு ஏழு விநாடி எண்ணுங்க. உங்களால முடியலைன்னா அதாலயும் முடியாது. வெயில் காலத்துல ஏழு மணிக்குள்ள வாக்கிங் முடிஞ்சாகணும். அளவுக்கு மீறி மூச்சு வாங்கி, எச்சில் கெட்டியா வழிஞ்சு, தள்ளாடினா அது ஹீட் ஸ்ட்ரோக். நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் உடம்பை சாதாரணத் தண்ணியால நனைச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடணும்.

மழைக்காலத்துல தேங்கின தண்ணியில எலி மூத்திரம் கலந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும். நாய்க்கும் வரும், செருப்போட இறங்குற நமக்கும் வரும். புல்லுல உண்ணி ஏறும். உண்ணிக் காய்ச்சல் நம்ம ஊர் நாய்ங்களுக்குப் பெரிய எதிரி. அதனால திரும்பி வந்ததும் காது மடல், விரல் இடுக்கு ரெண்டையும் பார்த்துட்டுத்தான் ஒப்படைக்கணும். தீபாவளி வாரத்துல ஒரு லட்சுமி வெடி போதும், செயினைப் பிய்ச்சுட்டு ஓடிடும். அந்த வாரம் விடியற்காலையில மட்டும், பில்டிங்கைச் சுத்தி மட்டும்.

கடி பட்டா..?

ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பிச்சுட்டா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்லை. ஆனா கடிச்ச உடனே ஒழுங்கா சிகிச்சை எடுத்தா முழுசாத் தடுத்துடலாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. நேரா ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரியில ஊசி இலவசம். தொப்புளைச் சுத்திப் போடுற ஊசியெல்லாம் பழைய கதை, இப்போ கையிலதான். ரத்தம் வர்ற நகக்கீறலும் கடி மாதிரிதான். ‘வளர்ப்பு நாய்தானே’ன்னு விட்டுடாதீங்க. தினமும் நாயோட பழகுறவங்களுக்கு முன்கூட்டியே போடுற தடுப்பூசியும் இருக்கு. முதல் கஸ்டமரைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்துடுங்க. உங்க பிசினஸோட முதல் முதலீடு இதுவாத்தான் இருக்கணும்.

சாவி!

பகல்ல வேலைக்குப் போற வீட்டுல நாயை மட்டுமா கொடுப்பாங்க? வீட்டுச் சாவியையும் கொடுப்பாங்க. இருபது வயசுப் பசங்ககிட்ட வேற யாரு இப்படி நம்பிக் கொடுக்கிறாங்க சொல்லுங்க? சாவியில ஃபிளாட் நம்பர் எழுதி ஒட்டாதீங்க. வீட்டுல ஆள் இல்லாத நேரத்துல நாயோட செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. அது திருடனுக்கு நீங்க அனுப்புற இன்விடேஷன். நம்ம பக்க சேஃப்டியும் முக்கியம். முதல் தடவை தெரியாத வீட்டுக்குத் தனியாப் போகாதீங்க, குறிப்பா பொண்ணுங்க. அட்ரஸை வீட்டுல யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க.

முதல் நாளே கேட்க வேண்டியவை

* தடுப்பூசி அட்டையும் லைசென்ஸும் இருக்கா? ரெண்டையும் போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.
* இதுக்கு முன்னாடி யாரையாவது கடிச்சிருக்கா? எதுக்குப் பயப்படும்?
* எப்போ சாப்பிடும்? வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே ஓடவிட்டா பெரிய ஜாதி நாய்ங்களுக்கு வயிறு முறுக்கிக்கிட்டு உயிருக்கே ஆபத்தாகும்.
* டாக்டர் யார்? அவசரம்னா உங்களைக் கேட்காம கூட்டிட்டுப் போகலாமா? செலவு யாரோடது?
* பெட்டை நாய்னா பருவ காலத்துல என்ன பண்றது?
* லீவு எத்தனை, காசு எந்தத் தேதி, நிறுத்தணும்னா எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?

எல்லாத்தையும் ஒரு பக்கப் பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. முதல் மூணு நாள் வீட்டுக்காரரும் கூடவே நடக்கட்டும், அதுக்குக் காசு வாங்காதீங்க. கழிவை அள்ளுறது கூச்சமா இருந்தா இந்த பிசினஸே வேணாம். அள்ளாம விட்டா ரெண்டாவது வாரமே அசோசியேஷன் செக்ரட்டரி கேட்ல நிப்பார்!

ஜி.எஸ்.டி. பத்தி கவலை வேணாம். சர்வீஸ் பிசினஸுக்கு வருஷம் 20 லட்சம் தாண்டினாத்தான் ரெஜிஸ்ட்ரேஷன். மூணு நாயை வெச்சு அங்க போய்ச் சேர இன்னும் ரொம்ப தூரம் நடக்கணும்!

இவ்ளோத்தையும் படிச்ச பிறகும் ஆசை இருக்கா? சூப்பர்! அப்போ ஒரு டெஸ்ட். உங்க தெருவுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ ஒரு நாயைக் கேட்டு வாங்குங்க. ஃப்ரீயா 30 நாள், ஒரே நேரம், ஒரு நாள்கூட விடாம. மழை, தலைவலி, மறுநாள் இன்டர்னல் எதுவும் காரணம் கிடையாது. பத்தாவது நாளே அலாரத்தை அணைச்சுட்டுத் திரும்பிப் படுத்தீங்கன்னா தப்பில்லை. வேற பிசினஸ் எத்தனையோ இருக்கு. ஒரு நாயும் ஒரு பாட்டியும் ஏமாறாம தப்பிச்சாங்க, அவ்வளவுதான்.

முப்பது நாளும் போயிட்டீங்களா? அப்போ கடைசி நாள் காலையில கதவுக்கு வெளியே நின்னு ஒரு நிமிஷம் காதைக் கொடுங்க. பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே உள்ளேயிருந்து கதவுல வால் படுற சத்தம் டப்... டப்...னு கேட்கும். அதைக் கேட்டுட்டு லோகோ வரையுங்க பாஸ்!

அடுத்த வாரம் வேற ஒரு ஐடியாவைப் பிரிச்சு மேயலாம். அதுவரைக்கும்... ஜூட்!